மாமாக் கடைப் பையனின் படத்தை எடுத்துவிடுங்கள்

டீச்சரம்மா:
சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. மாமாக் சாப்பாட்டுக் கடை பாயின் மகன். ஐ.எஸ். இயக்கத்தோடு தொடர்பு இருக்கலாம் என்று சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துப் போயிருக்கிறார்கள். இன்னும் குற்றமே சாட்டவில்லை. அதற்குள் முகத்துக்கு மேல் 'பயங்கரவாதி' என்று சிவப்பில் எழுதி அனுப்புகிறார்கள். கடையில் ஆள் இல்லை. இன்று காலை இங்கேயும் அதே படம் வந்திருக்கிறது. நீதிமன்றம் சொல்லும்வரை அவன் குற்றவாளி இல்லை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பழைய மண்டோர்:
டீச்சர், மரியாதையோடுதான் சொல்கிறேன். பயங்கரவாதம் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 ஜூன் 16-ல் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களை இந்த வட்டாரத் தோட்டங்களில்தான் சுட்டுக் கொன்றார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த அவசரகாலமே அதற்கு அப்புறம்தான் வந்தது. 2016-ல் பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறிகுண்டு வீசி எட்டுப் பேருக்குக் காயம். போலீஸ் சும்மாவா ஒருவனைத் தூக்கிக்கொண்டு போகும்? நெருப்பில்லாமல் புகையாது.

நைட் ஷிப்ட்:
அண்ணே, 2019 அக்டோபரை மறந்துவிட்டீர்களா? விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். அதில் இரண்டு பேர் ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) சட்டமன்ற உறுப்பினர்கள். எல்லாம் இதே சொஸ்மாதான். அப்போது நம் ஆட்கள் என்ன சொன்னோம்? "போனில் படம் வைத்திருந்தால் பயங்கரவாதியா, அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா" என்று கொதித்தோம். குடும்பங்களுக்காகக் கோயிலில் பிரார்த்தனை செய்தோம். 2020 பிப்ரவரி 21-ல் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், குற்றத்தை நிரூபிக்க வாய்ப்பே இல்லை என்று 12 பேர் மேலும் இருந்த வழக்கைக் கைவிட்டார். அன்றைக்குப் புகை இருந்தது. நெருப்பு எங்கே இருந்தது?

அவர்கள் நமக்குப் பிடித்தவர்கள், அதனால் ஆதாரம் கேட்டோம். பாயின் மகனுக்கு ஏன் கேட்க மாட்டோம்?

செம்பனை:
இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். புலிகள் இயக்கம் 2009 மே மாதத்தோடு முடிந்தது. 2019-ல் மலேசியாவில் யாருக்கும் அதனால் ஆபத்து இல்லை. ஐ.எஸ். அப்படியா? என் தங்கை வேலை செய்வது பேரங்காடியில். போலீஸ் ஒரு நாள் தாமதித்து ஏதாவது நடந்துவிட்டால், விசாரணை முடியும்வரை நிரபராதி என்று பேசியவர்கள் யாரும் வந்து நிற்கப் போவதில்லை. முன்கூட்டியே பிடிப்பதுதான் சரி.

டீச்சரம்மா:
பிடிக்க வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சந்தேகம் இருந்தால் பிடிக்கட்டும், விசாரிக்கட்டும். ஐ.எஸ். ஆபத்தானது என்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த இயக்கம் எவ்வளவு கொடியது என்பதை வைத்து, இந்தப் பையன் அதில் இருந்தானா என்று எப்படிச் சொல்ல முடியும்? இயக்கத்தின் மேல் நமக்கு இருக்கும் பயத்தையே அவனுக்கு எதிரான சாட்சியமாக்குகிறோம். குற்றம் எவ்வளவு பெரியதோ, தவறான ஆளைப் பிடித்தால் அந்த அநியாயமும் அவ்வளவு பெரியது. உண்மையில் செய்தவன் வெளியே இருப்பான் என்பதையும் யோசித்துப் பாருங்கள், தம்பி. உங்கள் தங்கைக்கு அதனால் என்ன பாதுகாப்பு?

பழைய மண்டோர்:
நிரபராதி என்று கருத வேண்டியது நீதிபதியின் வேலை. நான் நீதிபதி இல்லை, பிள்ளை பெற்றவன். எந்தக் கடைக்குப் போவது, யாரோடு பழகுவது என்று முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லையா?

நைட் ஷிப்ட்:
இருக்கிறது அண்ணே. உங்கள் மனதுக்குள் என்ன நினைக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் படத்தில் எழுதி ஊருக்கே அனுப்புவது மனதுக்குள் நினைப்பது ஆகாது.

நீதிபதி பார்த்துக்கொள்வார் என்கிறீர்கள். சொஸ்மாவில் அவருக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2012-ல் இசா என்ற பழைய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த சட்டம் இது. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே 28 நாள்வரை வைத்திருக்கலாம். வக்கீலைப் பார்ப்பதை 48 மணி நேரம்வரை தள்ளிப்போடலாம். பயங்கரவாத வழக்கு என்றால் 13-வது பிரிவின்படி ஜாமீன் கிடையாது. எனக்கு மனது ஆறாதது 30-வது பிரிவு. நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யப் போகிறது என்று சொல்லி அந்த ஆளை உள்ளேயே வைக்க அதில் வழி வைத்தார்கள். நிரபராதி என்று தீர்ப்பு வாங்கியவனையே வெளியே விடாத சட்டம், தீர்ப்பு வராதவனை எப்படி நடத்தும்?

அந்த 12 பேர் வழக்கில்தான் 2019 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான், ஜாமீனை முடிவு செய்வது நீதிமன்றத்தின் அதிகாரம், 13-வது பிரிவு அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு ஏப்ரலில், ஒரு போதைப்பொருள் வழக்கில், குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற கொள்கைக்கு அரசமைப்பிலேயே இடம் உண்டு என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருந்தது. தூக்குத் தண்டனை வாங்கிய இரண்டு வெளிநாட்டுப் பெண்களின் மேல்முறையீடு அது. அவர்களுக்காக எந்த ஊரிலும் யாரும் கூட்டம் போடவில்லை.

செம்பனை:
சட்டத்தில் கோளாறு இருந்தால் நாடாளுமன்றத்தில் திருத்தட்டும். அதற்காக ஊர்க்காரன் எச்சரிக்கையாக இருக்கக் கூடாதா?

டீச்சரம்மா:
எச்சரிக்கையாக இருங்கள். சந்தேகப்படும்படி ஏதாவது பார்த்திருந்தால் போலீஸ் பாலாய்க்குப் போய் வாக்குமூலம் கொடுங்கள். இந்தப் படத்தை அனுப்பிய ஒருவராவது அவன் எதையாவது செய்ததைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாரா? அவனுடைய தங்கை நம் பிள்ளைகளோடு அதே பள்ளி பஸ்ஸில் போகிறவள். இப்போது அவளை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையை எந்தச் சட்டத்தில் பிடித்தோம்?

மண்டோர் அண்ணன் 1948-ஐ எழுதினார். அதன் மறுபாதியையும் எழுதுகிறேன். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று அவசரகாலச் சட்டத்தில் 1949 மே 4-ல் தூக்கிலிட்டார்கள். அன்றைய பத்திரிகை வாசகர்கள் பலருக்கு அவரும் பயங்கரவாதிதான். இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறோம்!

பழைய மண்டோர்:
கணபதியை இதில் இழுக்காதீர்கள். அவர் தோட்டத் தொழிலாளிக்காக நின்றவர். சரி, ஒன்று கேட்கிறேன். நாளைக்கு இவன் செய்தான் என்று நிரூபணமானால் இங்கே வந்து என்ன எழுதுவீர்கள்?

டீச்சரம்மா:
தண்டனை கொடுங்கள் என்று எழுதுவேன். அப்போதும் அந்தத் தங்கையைப் பள்ளிக்கு விடுங்கள் என்றுதான் எழுதுவேன். விடுதலையாகி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், அண்ணே?

பழைய மண்டோர்:
பாயிடம் நேரில் போய்ப் பேசுவேன். ஆனால் தீர்ப்பு வரும்வரை என் மகனை அந்தக் கடைக்கு அனுப்ப மாட்டேன். அதில் மாற்றம் இல்லை. இங்கே படத்தைப் போட்டது நான்தான், எடுத்துவிட்டேன். மற்ற குழுக்களில் போட்டது யாரென்று எனக்குத் தெரியாது.

நைட் ஷிப்ட்:
இரண்டு குழுக்களில் நான் இருக்கிறேன் அண்ணே. அங்கேயும் எடுக்கச் சொல்லி இப்போதே எழுதுகிறேன். பிள்ளை திங்கட்கிழமை பஸ் ஏறுவதற்குள் அந்தப் படம் எல்லா இடத்திலிருந்தும் போய்விட வேண்டும்.