சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்த பிறகு விமான நிலையத்தின் உள்ளே நடப்பவை

வன்னியிலிருந்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் புறப்படும் தாய் தந்தையர் பலர் தனியாகவே பறக்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்து இரவோடிரவாக வான் பிடித்து, முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடையும் வரை வான் நிறைய உறவினர் இருப்பார்கள். உள்ளே போன பிறகு அவர்களுக்குத் துணையாக இருப்பது, ரிக்கெற் பதியும்போது ‘வீல்செயார்’ என்று நாம் சொல்லிவைத்த ஒரு வேண்டுகோள் மட்டுமே. என் பெரியம்மாவை ரொறன்ரோவுக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அந்த வேண்டுகோள் யார் யார் கைக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விமான நிறுவனமொன்றின் கொழும்பு அலுவலகத்தில் பணியாற்றும் தமிழ்ப் பெண் ஒருவர் விளக்கியதையும், வளைகுடா விமான நிலையமொன்றில் பொதி பிரிக்கும் பகுதியில் வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த ஊர்த் தம்பி ஒருவரும் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் சொன்னவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண் முதலில் கேட்டது பெரியம்மாவின் வயதை அல்ல. “அம்மா படி ஏறுவாவா? பிளேனுக்குள்ளை சீற் வரைக்கும் தானாக நடப்பாவா?” என்றுதான் கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியம்மா, “நான் இப்பவும் வயலுக்குப் போய் வாறனான் பிள்ளை, எனக்கென்னத்துக்குக் கதிரை?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். “நடக்க ஏலாது எண்டு இல்லை அம்மா, ஒராள் கூட வந்து வழி காட்டத்தான்” என்று அவர் சொன்ன பிறகே பெரியம்மா அமைதியானார்.

சக்கர நாற்காலி வேண்டுகோள் ஒரே வகையானதன்று. உலகம் முழுவதும் விமான நிறுவனங்கள் அதனை மூன்று குறியீடுகளாகப் பதிகின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்பது படி ஏறவும் விமானத்துக்குள் நடக்கவும் முடிந்தவர், நீண்ட தூரம் நடக்க மட்டும் முடியாதவர் என்பதைக் குறிக்கும். கடைசி எழுத்து எஸ் ஆனால், படி ஏற முடியாது, உள்ளே சிறிது தூரம் நடக்க முடியும். சி ஆனால், இருக்கை வரை கொண்டுபோய் அமர்த்த வேண்டும் என்று பொருள். இவற்றைவிட, எம்.ஏ.ஏ.எஸ். என்றொரு குறியீடும் உண்டு. அது உடல் இயலாமைக்கானதல்ல, வழி தெரியாதவரையும் மொழி தெரியாதவரையும் எதிர்கொண்டு அழைத்துச் செல்வதற்கானது. நம் முதியவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான், ஆனால் இதனைப் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. பெரியம்மாவுக்கு ஆர் வகையைப் பதிந்து, தமிழ் மட்டுமே பேசுவார் என்ற குறிப்பையும் அந்தப் பெண் சேர்த்துவிட்டார். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இந்தக் குறியீடுகளைச் சரியாகச் சொல்வது ஏன் முக்கியம் என்பதைப் புதுக்குடியிருப்பு நண்பரின் அனுபவம் எனக்கு உணர்த்தியது. போரில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து செயற்கைக்காலுடன் நடமாடும் அவர், சமதரையில் நம்மைப் போலவே நடப்பார், செங்குத்தான படிதான் அவருக்குச் சிக்கல். ஒருமுறை இடைத்தங்கலில் அவருடைய விமானம் கட்டடத்தோடு இணைக்கப்படாமல் தொலைவில் நிறுத்தப்பட்டிருந்தது. எல்லோரையும் பேருந்தில் ஏற்றிப் படிக்கட்டின் அடியில் இறக்கிவிட்டார்கள். அவருடைய பதிவில் ஆர் என்று இருந்ததால், தூக்கும் வண்டி எதுவும் அவருக்காக வரவில்லை. அடுத்த பயணத்தில் எஸ் என்று பதியச் செய்தார், பெட்டி போன்ற கூண்டு உயர்ந்து விமானத்தின் மறுபக்கக் கதவோடு பொருந்தும் வண்டி அவருக்காகக் காத்திருந்தது. அத்தகைய வண்டிகள் எந்த விமான நிலையத்திலும் ஏராளமாக இருப்பதில்லை. வரிசையில் நிற்காமல் போகலாம் என்பதற்காக நன்றாக நடப்பவர்களுக்கு எஸ், சி என்று பதியச் சொல்லும் சில முகவர்களின் வழக்கத்தை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் நம் மண்ணிலிருந்து போகிறவர்கள் அதனைச் செய்யவே கூடாது.

பதிந்த வேண்டுகோள் கணினியில் கிடப்பதோடு முடிவதில்லை. புறப்படும் விமான நிலையத்துக்கு உதவி தேவைப்படுவோரின் பட்டியல் முன்கூட்டியே செல்கிறது. அதனால்தான் 48 மணித்தியாலங்களுக்கு முன்னரே அறிவிக்கும்படி கேட்கிறார்கள். விமானம் கிளம்பியவுடன், எந்த இருக்கையில் யார், அவருக்கு என்ன உதவி என்ற செய்தி இறங்கும் விமான நிலையத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கே வாசலில் நிற்கும் பணியாளரின் கையில் இருப்பது அந்தச் செய்தியின் விபரமே. அவர் யாருடைய பணியாளர் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி அங்கே இந்த உதவி விமான நிலையத்தின் பொறுப்பு, ஐக்கிய இராச்சியத்திலும் அந்த முறையே தொடர்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் அது விமான நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே லண்டனில் ஒரு குறைபாடு நேர்ந்தால் முதலில் கேட்க வேண்டிய இடம் வேறு, ரொறன்ரோவில் வேறு.

இரண்டு தனித்தனி ரிக்கெற்றுகளில் பயணிப்பவர்களுக்கு இந்தச் செய்தித் தொடர் நடுவில் அறுந்துவிடும். 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு ரிக்கெற்றும், அங்கிருந்து அப்பால் இன்னொரு ரிக்கெற்றும் எடுப்பவர்கள், உதவியை இரண்டு நிறுவனங்களிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். சென்னையில் இந்தியக் குடிவரவைக் கடந்து பொதியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேர்வதால், விசாவையும் நேரத்தையும் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். பலாலிக்கு வரும் ஏ.ரி.ஆர். 72 விமானத்தில் பின்கதவோடு சேர்ந்த சிறு படியால்தான் ஏற வேண்டும் என்பதைப் படி ஏற முடியாதவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இடைத்தங்கலில்தான் முதியவர்கள் பயந்துபோகிறார்கள். கூட்டி வந்தவர் ஓரிடத்தில் அமர்த்திவிட்டுப் போய்விடுவார், அடுத்த விமானத்துக்கு அழைத்துச் செல்ல வேறொருவர் வருவார். இந்தக் கைமாற்றத்தை முன்பே சொல்லிவைக்காவிட்டால், தம்மை மறந்துவிட்டார்கள் என்று எண்ணி எழுந்து நடக்கத் தொடங்குவார்கள். அவர்களை மறந்துவிட்டு விமானம் போவது எளிதன்று என்று ஊர்த் தம்பி சொன்னார். 1985 ஜூன் 23 அன்று, ஏறாத பயணி ஒருவரின் பெயரில் ஏற்றப்பட்ட பொதியிலிருந்த குண்டு எயார் இந்தியா 182 ஆம் இலக்க விமானத்தை வீழ்த்தி 329 உயிர்களைப் பறித்தது. அது மீண்டும் நேராதிருக்க, இன்று பொதியை ஒப்படைத்த பயணி ஏறாவிட்டால் அந்தப் பொதியைத் தேடி இறக்க வேண்டும். அடுக்கப்பட்ட பொதிகளுக்கிடையில் ஒன்றைத் தேடியெடுப்பதைவிட, பெயரைக் கூப்பிட்டு ஆளைத் தேடுவதே அவர்களுக்கு எளிது.

பொதியைப் பற்றி அந்தத் தம்பி சொன்னவற்றை எல்லா வீடுகளும் கேட்க வேண்டும். ஒட்டப்படும் பட்டியில் உள்ள பத்து இலக்கங்களில்தான் அந்தப் பொதியின் அடையாளம் இருக்கிறது. அதன் இரண்டாம், மூன்றாம், நான்காம் இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். பழைய பயணத்தின் பட்டியும் சிறு ஒட்டிகளும் உரிக்கப்படாமல் இருந்தால், இயந்திரம் அவற்றை வாசித்துக் குழம்பிப் பொதியை ஒதுக்கிவிடும். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கருவாடும் நிறைந்த பெட்டியைச் சுற்றி நாம் கட்டும் கயிற்றின் தொங்கும் நுனிகள் பொதிகளைக் கொண்டுசெல்லும் ஓடுபட்டியில் சிக்குகின்றன. டுபாய் விமான நிலையம் 2017 மார்ச் முதல் தட்டையான பக்கமில்லாத உருண்டைப் பொதிகளை ஏற்பதில்லை, அதற்குக் காரணமும் இத்தகைய சிக்கல்களே. ஒரு பொதி 32 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்ற விதி விமானத்தின் சுமைக்காக வந்ததன்று, குனிந்து நிமிர்ந்து அதனைத் தூக்கும் தொழிலாளரின் முதுகைக் காப்பதற்காக வந்தது. நம் பிள்ளைகள் பலர் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

பொதி வந்து சேராவிட்டால், மண்டபத்தை விட்டு வெளியேறும் முன்னரே முறையிட்டு இலக்கம் பெற வேண்டும். 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பொதிக்கு அதனைப் பெற்ற 7 நாட்களுக்குள்ளும், தாமதித்து வந்த பொதிக்கு அது கையளிக்கப்பட்ட 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பெரியம்மாவின் பொதியடையாளத் துண்டை நான் கைப்பையில், மருந்துச் சீட்டுக்கும், பெற்றோர் கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் நீண்ட காலம் தங்க வழங்கப்படும் சூப்பர் விசாவுக்கான மருத்துவக் காப்புறுதிக் கடிதத்துக்கும் பக்கத்தில் வைத்தேன். குடிவரவு அதிகாரி காப்புறுதிக் கடிதத்தைக் கேட்கக்கூடும் என்பதால், அதனைப் பொதிக்குள் வைத்து அனுப்பக்கூடாது.

உதவி கேட்டவர்கள் விமானத்தில் முதலில் ஏற்றப்பட்டு, கடைசியில் இறக்கப்படுவார்கள். எங்கள் அயலிலுள்ள ஓர் அம்மா இது தெரியாமல் கூட்டத்தோடு எழுந்து போய்விட, அவருக்கான நாற்காலியுடன் பணியாளர் விமான வாசலிலேயே நின்றிருக்கிறார். பெரியம்மா எல்லோரும் போகும் வரை இருந்தார். அவரை அழைத்துச் சென்றவர் குடிவரவு அதிகாரியிடமும் பொதி வரும் இடத்துக்கும் கூட்டிப் போய், வெளியே நின்ற மச்சாளின் கையில் ஒப்படைத்த பிறகே திரும்பியிருக்கிறார்.

இனி அவர் திரும்பி வரும் பயணம் இருக்கிறது. சூப்பர் விசாவில் போகிறவர்கள் தங்கும் காலம் நீள்வதால், திரும்பும் திகதியைப் பெரும்பாலும் மாற்றுகிறார்கள். அப்படி மாற்றி ரிக்கெற்றைப் புதிதாக வழங்கும்போது பழைய விமானத்துக்குப் பதிந்த உதவி புதிய விமானத்துக்குத் தானாகச் செல்லாமல் விடுபடலாம். திகதி மாற்றியவுடன் அதனை மீண்டும் கேட்டு உறுதிப்படுத்தும்படி மச்சாளிடம் எழுதியிருக்கிறேன்.