கென்யாவில் நிலம் இருந்தவர்கள் கூலியானது எப்படி?

கல்லிடைக்காரன்:
எங்க தாத்தா மாஞ்சோலையில் கொழுந்து பறித்தவர். ஊரில் காணி நிலம் கிடையாது, மலையேறினார். சரி. கென்யாவில் சொந்த நிலமும் மாடும் வைத்திருந்தவர்களை வெள்ளைக்காரன் எப்படித் தோட்டத்துக்கு இழுத்தான்? சவுக்கடியா?

பாளை வாத்தியார்:
சவுக்கும் உண்டு அண்ணாச்சி, ஆனால் வரிதான் முக்கியம். குடிசைக்கு வரி போட்டு, பணமாகக் கட்டச் சொன்னார்கள். (1920 வரை அங்கேயும் ரூபாய்தான் புழங்கியது!) காப்பி பயிரிட்டுச் சம்பாதிக்கலாம் என்றால், ஆப்பிரிக்கர்களுக்கு அதற்குத் தடை. அப்புறம் கூலி வேலைதானே மிச்சம்? 1902 நிலச் சட்டத்தைக் காட்டி, குளிர்ந்த மேட்டு நிலங்களை வெள்ளையர்களுக்குக் கொடுத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு 'கிபாண்டே' வந்தது. கைரேகையும் வேலை விவரமும் உள்ள சீட்டை, தகர டப்பாவில் போட்டு ஆண்கள் கழுத்தில் தொங்கவிட வேண்டும். முதலாளி கையெழுத்து இல்லாமல் வேலையை விட்டுப் போனால் குற்றம். எனக்கு ஆத்திரம் வருவது இந்த டப்பாவை நினைத்தால்தான்.

தாமிரபரணி:
கொழுந்து என்றதால் சொல்கிறேன். கென்யாவின் தேயிலைப் பகுதியான கெரிச்சோவில் இருந்த தலாய் என்ற குலத்தாரை 1934-இல் கென்யாவிலேயே உள்ள குவாசி என்ற இடத்துக்கு விரட்டினார்கள். அது போக, 1950-களில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த மாவ் மாவ் கிளர்ச்சியின்போது சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு 2013-இல்தான் பிரிட்டன் இழப்பீடு தர ஒத்துக்கொண்டது, 5,228 பேருக்கு.

கல்லிடைக்காரன்:
நிலம்?

தாமிரபரணி:
அந்த ஒப்பந்தத்தில் நிலம் இல்லை அண்ணாச்சி.