புதுப்பிப்பு: அருங்காட்சியகத்தின் சுவர்கள் நேராக நிற்கின்றன

கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பைப் படமெடுத்தால் சுவர்கள் உள்பக்கம் சாய்கின்றன, வெள்ளை சாம்பலாகிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கமராவை அண்ணாந்து பிடித்தால்தான் சாய்வு வருகிறது. புல்தரையில் நன்றாகப் பின்னுக்குப் போய், கமராவை மட்டமாக வைத்து எடுத்தேன். படத்தில் கீழே அதிகமாக விழுந்த புல்லை அப்புறம் வெட்டிவிட்டேன். வெள்ளை சாம்பலாகாமலிருக்க வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது இரு மடங்காக, கூட்டச் சொன்ன அண்ணாவின் யோசனை அருமை. வெள்ளையைக் கண்டால் கமராவின் ஒளி மீட்டர் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறதாம். மழை ஓய்ந்த மேகமூட்டத்தில் வளைவுகளின் உள்பக்கம்கூடத் துலக்கமாக விழுந்தது. உச்சி வெயிலில் அங்கே வெறும் இருட்டுத்தான்.

1877இல் திறந்த இந்தக் கட்டடம் என்றதும் ஆளுநர் கிரெகரியைச் சொல்வார்கள், வரைபடம் போட்ட ஸ்மிதரையும் சொல்வார்கள். கட்டி எழுப்பிய வாப்பிச்சி மரிக்காரையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். என் படத்தின் கீழே அவர் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபமும் அவர் கட்டியதே. அடுத்து அதுதான். அந்த நெரிசலில் பின்னுக்குப் போக இடமில்லை. கமராவை அண்ணாந்து பிடிக்காமலே உயரமான கட்டடத்தை எடுக்க உதவும் ஷிஃப்ட் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.