சென்சாரை இரண்டு முறை மாற்றியும் பி 0193 என்ற கோளாறுக் குறியீடு திரும்ப வருகிறது: பம்பைக் கழற்றும் முன் வயரிங்கில் எங்கே பார்ப்பது?

கேள்வி (ஸ்ரீராமபுரம், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய சரக்கு வண்டி இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மாடல், பிஎஸ் 4, நான்கு சிலிண்டர் காமன் ரயில் டீசல் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் 'ரயில்' என்ற ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை). என் தம்பிதான் ஓட்டுகிறான். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கே.ஆர். மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தால்தான் அன்றைய வாடகை கைக்கு வரும்.

இரண்டு மாதமாக ஒரு தொல்லை. சூளகிரி தாண்டி ஓசூர் வரும் ஏற்றத்தில், எஞ்சின் நன்றாகச் சூடேறி, வண்டியில் பாரமும் இருக்கும்போது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் 2,000 சுற்றுக்கு மேல் ஏறுவதில்லை. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துச் சற்று நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. விளக்கு எரியத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி மந்தமாக இருப்பதாகத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்கேனரில் வருவது பி 0193 மட்டும்தான். முதல் பட்டறையில் ரயில் பிரஷர் சென்சாரை மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. இரண்டாவது பட்டறையில் அது போலிச் சரக்கு என்று சொன்னதால், ஜே.சி. ரோட்டில் அசல் சென்சார் வாங்கிக் கொடுத்து மறுபடி மாற்றினோம்; நான்காம் நாளே விளக்கு எரிந்தது. இப்போது மூன்றாவது பட்டறையில் உயரழுத்தப் பம்பையும் இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சோதிக்க வேண்டும், அறுபதாயிரம் வரை ஆகலாம் என்கிறார்கள். நான் ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். ஆனால் வண்டி வயரிங் எனக்குப் புதிது. பம்புக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் நானே எதைச் சோதித்துப் பார்க்கலாம்?

பதில் (ஹெப்பாள், சொந்த வண்டி ஓட்டுநர்)

ஐயா, எங்கள் பழைய வண்டியில் பம்ப் பலவீனமானபோது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, டீசல் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதைச் செய்து பார்த்தால் பம்ப் நல்லதா கெட்டதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பதில் (பீன்யா, டீசல் எஞ்சின் மின்வேலை பார்ப்பவர்)

மேலே சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். பழைய வகைப் பம்புகளில் அந்தப் பழக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் காமன் ரயில் எஞ்சினில் வெறுமனே ஓடும்போதே ரயிலுக்குள் 250 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் நிற்கும். பாரத்தில் அது ஆயிரத்தைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே திசுக்கள் அழுகி விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகக்கூடிய காயம் அது, உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். எஞ்சினை அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். பி 0193 என்பது ரயிலில் அழுத்தம் அதிகம் என்று சொல்லும் குறியீடு அல்ல. சென்சாரின் சிக்னல் வயரில் இருக்கக் கூடாத அளவுக்கு வோல்டேஜ் ஏறிவிட்டது என்பதே அதன் பொருள். பம்ப் தளர்ந்துபோயிருந்தால் அழுத்தம் போதவில்லை என்று பி 0087 வந்திருக்கும். அழுத்தம் உண்மையாகவே மிகுந்திருந்தால் பி 0088 வந்திருக்கும். உங்களுக்கு இவை இரண்டும் ஒரு முறைகூட வரவில்லை என்னும்போது, பம்பின் மேல் கை வைப்பதற்கு இதுவரை ஒரு காரணமும் இல்லை.

அந்தச் சென்சாருக்கு மூன்று வயர்கள்: ஈசியூவிலிருந்து (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) வரும் 5 வோல்ட், ஈசியூவுக்கே திரும்பும் எர்த், நடுவே சிக்னல். அழுத்தமே இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட்டிலும், சென்சாரின் உச்ச அழுத்தத்தில் 4.5 வோல்ட்டிலும் இருக்கும். சிக்னல் 5 வோல்ட்டை ஒட்டி ஏறுகிறது என்றால், சிக்னல் வயர் 5 வோல்ட் வயரோடு உரசிச் சேர்ந்திருக்கலாம். அல்லது எர்த் அறுந்திருக்கலாம். உள்ளே வோல்டேஜை மேலே இழுத்து வைத்திருக்கும் ஈசியூவாக இருந்தால், சிக்னல் வயர் அறுந்தாலும் இதே குறியீடுதான் வரும். இந்த மூன்றில் எர்த்தைத்தான் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை.

உங்கள் வண்டிக்கான வயரிங் படத்தைப் பார்த்து கப்ளரில் (வயர்களைச் சென்சாரோடு இணைக்கும் சொருகி) எந்தப் பின் (உலோக முனை) எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி வரிசை மாறும். கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு, 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள். பிறகு கப்ளரை மாட்டி, அதன் பின்பக்கம் வயர் நுழையும் ரப்பர் சீலின் ஓரமாக மெல்லிய ஊசியைச் செருகிச் சிக்னலைப் பாருங்கள். வயரின் மேலுறையைக் குத்தி அளக்கக் கூடாது. அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும். டெஸ்ட் லேம்ப் வேண்டவே வேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டத்தை அந்த 5 வோல்ட் இணைப்பு தாங்காது. அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் மற்றச் சென்சார்களும் சேர்ந்து குழம்பும்.

பதில் (ஜாலஹள்ளி)

எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் தெருவில் இரவில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் எலித் தொல்லைதான்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. எஸ்.பி. ரோட்டில் மெல்லிய ஊசி முனைகள் வாங்கிவந்து, இன்று காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளந்தேன். கப்ளர் கழற்றிய நிலையில் 5.02 வோல்ட். மாட்டிய பின், எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டபோது சிக்னல் 0.51 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 1.10 வோல்ட், ஸ்கேனரில் 270 பார். சென்சாரின் மேல் 1,800 பார் என்று அச்சிட்டிருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, இருபக்கக் கப்ளர்களையும் எடுத்துவிட்டு மூன்று வயர்களின் ரெசிஸ்டன்ஸையும் பார்த்தேன். எல்லாம் ஒரு ஓமுக்குள்தான். எலி கடித்த தடயம் எதுவும் இல்லை. எல்லாமே சரியாகத் தெரிவதால் எனக்குக் குழப்பம் கூடியிருக்கிறது. ஈசியூவே கெட்டிருக்குமோ?

பதில் (பீன்யா)

அதற்குள் ஈசியூவுக்குப் போக வேண்டாம். உங்கள் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன: 1,800 பாருக்கு 4 வோல்ட் என்றால், 0.5க்கு மேலே உள்ள 0.6 வோல்ட்டுக்கு 270 பார். ஆகவே சென்சாரும் ஈசியூவும் வேலை செய்கின்றன. கோளாறு எப்போதும் இருப்பதல்ல, வந்து போவது.

ரெசிஸ்டன்ஸ் அளவை இந்த இடத்தில் நம்பக் கூடாது. வயருக்குள் இருக்கும் மெல்லிய இழைகளில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் நல்ல அளவையே காட்டும். வயர் அசையாமல், குளிர்ந்து கிடக்கும்போது கேட்கவே வேண்டாம். எஞ்சினைச் சூடேற்றி, ஓடும் நிலையிலேயே மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையைச் சென்சாரின் எர்த் பின்னிலும் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பிறகு தம்பியை ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, சென்சாரிலிருந்து தொடங்கி ஒரு சாண், ஒரு சாணாக மெதுவாக அசைத்துக்கொண்டே ஈசியூ வரை போங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது எர்த் பின்னில் 30 மில்லிவோல்ட்தான் காட்டியது. ஆனால் எஞ்சினின் பின்புறம் ஹார்னஸ் கியர் பாக்ஸ் பக்கம் திரும்பும் இடத்தில் உள்ள கிளாம்ப் அருகே அசைத்தபோது அது சட்டென்று 0.4 வோல்ட்டுக்கு ஏறியது. அதே நொடியில் ஸ்கேனரில் 270 பார் 410 ஆனது. எனக்கு விளங்காதது இதுதான்: நான் வயரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த 410 மறுபடி 270க்கு இறங்கிவிட்டது, ஆனால் எஞ்சின் உதறி, அணையப் பார்த்தது. அளவு சரியாக இருக்கும்போது எஞ்சின் ஏன் தடுமாற வேண்டும்?

பதில் (பீன்யா)

நீங்கள் கவனித்தது மிக முக்கியமான விஷயம். பல பட்டறைகளில் இதைப் பார்க்காமலேதான் பம்பைக் கழற்றுகிறார்கள்.

சென்சார் தன் எர்த்தைப் பூஜ்யம் என்று நம்பித்தான் அளந்து சொல்கிறது. அந்த எர்த் 0.4 வோல்ட் உயரத்தில் நின்றால், சென்சார் அனுப்பும் சிக்னலும் சேர்ந்து உயரும். ஆனால் சென்சாருக்குக் கிடைக்கும் வோல்டேஜும் 5லிருந்து 4.6 ஆகக் குறைவதால், சிக்னல் முழு 0.4 ஏறாமல் சுமார் 0.31 வோல்ட்தான் ஏறும். உங்கள் அளவில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 140 பார் கூடுதலாகத் தெரிய வேண்டும். 270 என்பது 410 ஆனதும் அதனால்தான். ஈசியூவுக்கு இந்த விவரம் தெரியாது. அழுத்தம் தேவைக்கு மேல் போய்விட்டதாக நினைத்து, பம்புக்குப் போகும் டீசலைக் குறைத்து, தன் கண்ணுக்கு 270 தெரியும் வரை இறக்கிவிட்டது. திரையில் 270 தெரிந்தபோது ரயிலுக்குள் உண்மையில் இருந்தது 120 பார் அளவுதான். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இன்ஜெக்டர் ஒழுங்காகப் பீச்சாது. எஞ்சின் உதறியதன் காரணம் அது.

எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்குவதற்கு முன்பே சாலைச் சிக்னலில் கிளம்பும்போது வண்டி மந்தமாக இருந்ததாக உங்கள் தம்பி சொன்னது முற்றிலும் சரி. இந்தப் பிழை குறைந்த அழுத்தத்தில்தான் பெரிதாகத் தெரியும். அழுத்தம் ஏற ஏற அதன் பங்கு சுருங்கும். பிழை ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை ஈசியூ எந்தக் குறியீட்டையும் பதிவு செய்யாது. ஏற்றத்தில் பாரத்தோடு மிதிக்கும்போது எஞ்சின் தன் மவுண்ட்டின் மேல் ஒரு பக்கம் சாய்ந்து ஹார்னஸை இழுத்திருக்கும். அப்போது எர்த் முழுவதுமாக விட்டுப்போய், சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஓடி, பி 0193 பதிவாகியிருக்கும். சென்சார் மாற்றியதும் சில நாள் நன்றாக ஓடியதற்குக் காரணம் புதுச் சென்சார் அல்ல. மாற்றும்போது ஹார்னஸை அசைத்ததில் அந்த இணைப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது.

கிளாம்பைக் கழற்றி, அந்த இடத்தில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

பிரித்தேன். சென்ற ஆண்டு கிளட்ச் வேலை நடந்தபோது அந்த இடத்தில் ஹார்னஸ் கிழிந்திருக்க வேண்டும். யாரோ எர்த் வயரை வெட்டி, இரு முனைகளையும் முறுக்கி, சாதாரணக் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். டேப்பின் பசை வெப்பத்தில் உருகி, உள்ளே தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்து உதிர்கிறது. மே மாத மழையில் சில்க் போர்டு சந்திப்பில் தேங்கிய தண்ணீரைக் கடந்ததும், வாரம் ஒரு முறை செய்யும் வாட்டர் சர்வீஸும் இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். இதைச் சால்டர் வைத்துச் சரிசெய்யலாமா?

பதில் (பொம்மசந்திரா, வயர் ஹார்னஸ் தயாரிப்பில் பணி)

எஞ்சினோடு சேர்ந்து அதிரும் இடத்தில் சால்டரைத் தவிர்ப்பது நல்லது. ஈயம் ஊறிய பகுதி விறைத்துப்போய், அது முடியும் விளிம்பிலேயே இழைகள் ஒவ்வொன்றாக முறியும். பச்சை பூத்த பகுதியை வெட்டி எறிந்து, செம்பு பளபளவென்று தெரியும் வரை பின்னுக்குப் போங்கள். வயருக்குள் பச்சை நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் ஏறியிருக்கும். அதே தடிமனில் வாகன வயர்த் துண்டு ஒன்றை இடையே சேர்த்து, சரியான அளவு ஸ்லீவ் போட்டுக் கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். குறடால் நசுக்க வேண்டாம். அதன் மேல் உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி இறுக்குங்கள். இரண்டு இணைப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் வராமல் தள்ளி இருக்கட்டும். எஞ்சின் சாய்வதற்கு இடம் விட்டு வயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் ரப்பர் உறை கட்டாயம் வேண்டும்.

பதில் (பீன்யா)

அவர் சொன்னபடியே செய்யுங்கள். அதே இடத்தில் ஓடும் மற்ற வயர்களின் மேலுறை தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். முடித்ததும், எஞ்சின் சூடாக இருக்கும்போது எர்த் வோல்டேஜை மறுபடி அளந்து எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)

வயரைச் சரிசெய்த அன்றே, எஞ்சின் சூடாக ஓடும்போது அளந்தேன். எர்த் பின்னில் 9 மில்லிவோல்ட். ஹார்னஸை எப்படி அசைத்தாலும் அது மாறவில்லை. பக்கத்தில் 5 வோல்ட் வயரின் மேலுறையும் கிளாம்பில் தேய்ந்து பாதியாகியிருந்தது. அதற்கும் புதுத் துண்டு சேர்த்துவிட்டேன். அதன் பிறகு தம்பி ஐந்து நடை முழுப் பாரத்தோடு வந்துவிட்டான், அதில் இரண்டு நடை கொட்டும் மழையில். விளக்கு எரியவில்லை, ஸ்கேனரிலும் குறியீடு இல்லை. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் நின்று கிளம்பும்போது வண்டி பழையபடி இழுப்பதாக நேற்று இரவே தம்பி தொலைபேசியில் சொன்னான். பம்ப் வேலை வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிட்டேன். முதலில் கழற்றிய சென்சாரைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்; அதுவும் நல்ல சென்சாராகத்தான் இருக்கும்.