ஈறுக்குள் எலும்புத்தூள் வைத்துத் தைத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? என் கதை இது

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடியது. வலி கிடையாது, பல் துலக்கினால் மட்டும் ரத்தம். ஈறு டாக்டர் மெல்லிய அளவுக்கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கிப் பார்த்தார். நல்ல ஈறில் 3 மி.மீ. வரைதான் போகுமாம், எனக்கு 8. எக்ஸ்ரேயில் வேரின் ஒரு பக்கம் மட்டும் எலும்பு கரைந்து பள்ளமாகியிருந்தது. "எடுத்துடலாமா டாக்டர்?" என்றேன். "அவசரப்படாதீங்க சார், பள்ளத்தைச் சுத்தி எலும்புச் சுவர் நிக்குது. அது நமக்கு நல்லது" என்றார்.

முதலில் ஸ்கேலிங், வேர்ச் சுத்தம். பிறகுதான் அறுவை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து, உள்ளே இருந்த அழுகல் சதையைச் சுரண்டி எடுத்தார். ஒரு சின்னக் கிண்ணத்தில் எலும்புத்தூளைச் சலைன் விட்டுக் குழைத்தார். பார்க்க நனைந்த ரவை மாதிரி இருந்தது. அதைப் பள்ளத்தில் தளர்வாக நிரப்பி, மேலே கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு ஒன்றைப் போர்த்தித் தைத்தார்.

சவ்வு எதற்கு என்று கேட்டேன். பள்ளத்தைச் சும்மா விட்டால் ஈறின் மேல்தோல் செல்கள்தான் முதலில் ஓடிவந்து வேரை ஒட்டி இறங்கிவிடுமாம். எலும்பையும், வேரின் மேல் படியும் சிமென்டத்தையும், இரண்டையும் கட்டிப்போடும் நார்களையும் உண்டாக்கும் செல்கள் மெதுவானவை. அவை வந்து சேரும்வரை தோல் செல்களுக்கு வழியை மறிப்பதுதான் சவ்வின் வேலை. 1982-ல் நைமன், லிண்டே முதலிய ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு நோயாளியின் ஈறுக்கும் வேருக்கும் நடுவே ஆய்வக வடிகட்டித் தாளை வைத்தே இதைச் செய்துகாட்டினார்களாம்! அப்புறம் டெஃப்லான் வகைச் சவ்வுகள் வந்தன. அவற்றை வெளியே எடுக்க இன்னொரு முறை ஈறைத் திறக்க வேண்டும். கொலாஜன் தானே கரைந்துவிடும்.

ஆறு மாதம்வரை அங்கே அளவுக்கம்பியே விடவில்லை. இப்போது 4 மி.மீ. ஆட்டமும் குறைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் பள்ளம் வெள்ளையாக நிரம்பியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷம். உங்களுக்கு எப்படி?

பதில் 1

எங்கள் அத்தையிடம் "இது மாட்டு எலும்பிலேர்ந்து எடுத்த தூள்ம்மா" என்று டாக்டர் சொன்னதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கொலாஜன் சவ்வும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்துதான். சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை, அந்த டாக்டர் சொன்னார். கடைசியில் செயற்கையான கால்சியம் பாஸ்பேட் தூள் வைத்தார்கள். கூடவே அத்தையின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மருந்து எதுவும் கலக்காமல் மெஷினில் சுற்றவிட்டு, நடுவில் படிந்த மஞ்சள் கட்டியை நசுக்கிச் சவ்வாக்கிப் போர்த்தினார்கள். பிஆர்எஃப் என்கிறார்கள், பிரான்ஸில் ஷுக்ரூன் என்ற மருத்துவர் 2001-ல் கொண்டுவந்தது. புண் சீக்கிரம் ஆறியது.

பதில் 2

நான் ஈறு மருத்துவம் பார்க்கிறவன். அந்த வெள்ளையைப் பார்த்து ரொம்பவும் சந்தோஷப்படாதீர்கள். தூளும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத்தான் தெரியும், மாட்டெலும்புத் தூள் வருடக்கணக்கில் கரையாமல் கிடக்கும். 8 என்பது 4 ஆனதுதான் உண்மையான சேதி. தூள் பெரும்பாலும் இடத்தைக் காத்துவைக்கும், செல்கள் ஏறிவரச் சாரம் கட்டிக் கொடுக்கும். கட்டுவது உங்கள் உடம்பு. இதே மாதிரிப் பள்ளங்களில் வைக்கும் எம்டோகெய்ன் என்ற ஜெல் போகும் வழி வேறு. பன்றிக்குட்டியின் முளைக்கும் பல்லிலிருந்து எடுத்த எனாமல் புரதங்கள் அதில் இருக்கின்றன. வேர் உருவாகும் காலத்துச் சூழலை அவை திரும்ப உண்டாக்கி, சிமென்டம் படியத் தூண்டும் என்பது அதன் அடிப்படை.

எலும்பு எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்துபோனவர்களுக்கு இந்தத் தூள் வைத்தியம் பெரிதாக உதவாது, தூள் நிற்கச் சுவர் வேண்டும். சிகரெட்டை விடாதவர்களுக்கு நான் வைப்பதே இல்லை. அவர்கள் ஈறுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் தாமதம், காசுதான் வீண்.