தம்பி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பயிற்றுநர் ஆகப் போகிறேன் என்கிறான், இது நிலையான வேலையா?

செந்தூல் அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி ஓஹாயோவில் விளையாட்டு அறிவியல் படிக்கிறான், இது கடைசி வருடம். கல்லூரி அணியின் பயிற்சியை வீடியோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான், கைச்செலவுக்கு ஆகும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது கிராஜுவேட் அசிஸ்டண்டாக, அதாவது முதுகலை படித்துக்கொண்டே பயிற்றுநர்களுக்கு உதவுபவனாகச் சேர்ந்து, பயிற்றுநர் ஆகப் போகிறேன் என்கிறான். நம்ம காற்பந்து இல்லை, தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதுவார்களே, அது. அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அவனைக் கேட்டால் "நிக் சேபனும் இப்படித்தான் ஆரம்பித்தார்" என்ற ஒரே பதில். யார் அவர்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஒன்றும் தெரியாமல் அவனைத் தடுக்கவும் மனமில்லை, அம்மாவைச் சமாதானப்படுத்தவும் முடியவில்லை.

பட்டர்வொர்த் பழைய மாணவன்:
அக்கா, நான் 90களில் மிச்சிகன் ஸ்டேட்டில் படித்தவன், அப்போது அங்கே தலைமைப் பயிற்றுநர் சேபன்தான். தம்பி சொன்னது உண்மை. 1973இல் கென்ட் ஸ்டேட்டில் அவர் கிராஜுவேட் அசிஸ்டண்டாகச் சேர்ந்தார், அதுவும் பயிற்றுநர் ஆகும் ஆசையில் இல்லை, மனைவிக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது, அதுவரை ஊரில் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் தம்பி சொன்னானா? சிரக்யூஸ், மேற்கு வர்ஜினியா, ஓஹாயோ ஸ்டேட், கடற்படை அகாடமி, மிச்சிகன் ஸ்டேட், ஹூஸ்டன் என்று ஊர் ஊராக உதவிப் பயிற்றுநராகவே இருந்து, 1990இல் டொலிடோவில்தான் முதல்முறையாகத் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. பதினேழு வருடம்! அப்புறம்தான் எல்எஸ்யூ என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு தேசியப் பட்டம், அலபாமாவில் ஆறு. 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

சேபன் எங்கள் கல்லூரியில் இருந்த 1998இல் ஓஹாயோ ஸ்டேட் தரவரிசையில் முதலிடம், ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, எங்கள் அணிக்கோ அதுவரை நாலு வெற்றி, நாலு தோல்வி. விடுதியில் எல்லாரும் டிவி முன்னால். 24-9 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 28-24 என்று ஜெயித்தார்கள், அன்று கத்தியதில் மறுநாள் எனக்குக் குரலே இல்லை. ஸ்கோரைப் பார்க்காதீர்கள், இந்த ஒரு ஆட்டநகர்வை மட்டும் சரியாகச் செய்யுங்கள் என்று அந்த வாரம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார், லயனல் ரோசன் என்ற மனநலப் பேராசிரியரிடமிருந்து வந்த யோசனை அது. கடைசிவரை அவர் அதை விடவில்லை.

பத்து மலை வாத்தியார்:
நான் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லித் தருகிறேன், அதனால் எனக்குப் பிடித்த சேபன் வேறு. 2018 ஜனவரியில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துடன் அவருடைய அலபாமா அணிக்கு இறுதி ஆட்டம், பாதி ஆட்டத்தில் 13-0 என்று பின்னால் இருக்கிறார்கள். வழக்கமான குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவன் துவா டாகோவைலோவாவை இறக்கினார், கூடுதல் நேரத்தில் 26-23 என்று பட்டம் வந்தது. ஆனால் அதே வருடம் டிசம்பரில், மீண்டும் ஜார்ஜியா, துவாவுக்கு அடிபட, உட்காரவைக்கப்பட்ட அதே ஹர்ட்ஸ் இறங்கி ஜெயித்துக் கொடுத்தார். கோடிப் பேர் பார்க்க ஒதுக்கப்பட்ட ஒரு பையன் ஒரு வருடம் முழுக்க அணியோடு இருந்து தயாராகவே இருக்கிறான் என்றால், அவனும் பெரிய மனசுக்காரன், அவனை நடத்தியவர்களும் ஏதோ சரியாகச் செய்திருக்கிறார்கள். என் அணியில் ஒரு பையனை உட்காரவைக்கும்போதெல்லாம் இதை நினைப்பேன். உங்கள் தம்பிக்குப் பிள்ளைகளோடு பழகப் பிடிக்குமா? அதை முதலில் கேளுங்கள்.

கிள்ளான் லாமா சாலை:
இரண்டு பேரும் நல்லதையே சொல்லிவிட்டீர்கள், எனக்குக் கவலையாக இருக்கிறது. தலைமைப் பயிற்றுநரை நீக்கினால் பெரும்பாலும் உதவியாளர்கள் எல்லாரும் பெட்டி கட்ட வேண்டியதுதான், வெளிநாட்டுப் பையனுக்கு விசாவும் அதோடு சிக்கல். சேபனே மயாமி டால்பின்ஸ் என்ற தொழில்முறை அணியில் இரண்டு வருடம் இருந்து 15 வெற்றி, 17 தோல்வியோடுதான் கிளம்பினார். வேலையும் மாறிவிட்டது, 2021இலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், ஒரு வருடம் காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கும் போகலாம், அதனால் பயிற்றுநர் ஒவ்வொரு வருடமும் அணியைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு ஆறுதல், கிராஜுவேட் அசிஸ்டண்ட் என்றால் பொதுவாக முதுகலைக் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்கும், கையில் கொஞ்சம் பணமும் கிடைக்கும். அது எழுத்தில் இருக்கிறதா, தலைமைப் பயிற்றுநருக்கு ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம், இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள்.

செந்தூல் அக்கா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பதினேழு வருடக் கதையை அவன் எங்களிடம் சொல்லவே இல்லை. முதுகலைப் பட்டம் கிடைக்கும் என்றதும் அம்மா முகத்தில் கொஞ்சம் தெளிவு. வாத்தியார் ஐயா, அவன் பள்ளியில் படித்த காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மாலையில் திடலில் ஓடவைத்துக்கொண்டே இருப்பான், நீங்கள் கேட்டதும்தான் ஞாபகம் வந்தது. அங்கே விடிந்ததும் அழைத்து, கிள்ளான் லாமா நண்பர் சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்கிறேன்.