கிளவுட் ஃபோல்டர் டி டிரைவில், கீபாஸ்எக்ஸ்சி சி டிரைவில்: பாஸ்வேர்ட் ஃபைலை எங்கே வைப்பது?

நெய்தல் கேட்டது:

விண்டோஸ் 11 லேப்டாப். சி டிரைவ் 128 ஜிபி எஸ்எஸ்டி, இடம் போதாததால் கிளவுட் ஃபோல்டர் முழுவதும் டி டிரைவில் இருக்கிறது. பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கீபாஸ்எக்ஸ்சி 2.7 புரோகிராம் சி-யில். பாஸ்வேர்ட் ஃபைலும் சி-யின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில். அதற்கு டி-யில் ஒரு ஹார்டு லிங்க் போட்டால் விண்டோஸ் மறுக்கிறது. சிம்பாலிக் லிங்க் போட முடிகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் சேர்க்கும் புது பாஸ்வேர்ட் எதுவும் போனுக்கு வருவதில்லை. போனில் அதே ஃபைலைத் திறக்க கீபாஸ்டிஎக்ஸ் ஆப்.

லிங்கை எப்படிச் சரிசெய்வது? பேசாமல் ஃபைலையே டி-க்கு மாற்றினால், சேவ் ஆகும்போது கெட்டுப்போக வாய்ப்பு உண்டா? இரண்டு பக்கமும் மாறியதால் கிளவுட் தனியாக எடுத்துவைக்கும் இரண்டாவது பிரதி (கான்ஃப்ளிக்ட் காப்பி) வந்தால் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

பூட்டுச்சாவி:

லிங்கைச் சரிசெய்ய முயல வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஹார்டு லிங்க் என்பது ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர். அந்தப் பெயர் அதே வால்யூமுக்குள் (ஒரே டிரைவுக்குள்) மட்டுமே இருக்க முடியும், அதனால்தான் சி-யிலிருந்து டி-க்குப் போட விண்டோஸ் விடுவதில்லை. ஒரே டிரைவில் போட்டாலும் இந்த வேலைக்கு உதவாது. கீபாஸ்எக்ஸ்சி சேவ் செய்யும்போது பழைய ஃபைலின் மேல் எழுதுவதில்லை. புதிதாக ஒரு ஃபைல் எழுதி, அதற்குப் பழைய பெயரைக் கொடுக்கிறது. ஹார்டு லிங்கின் மறுபெயர் பழைய உள்ளடக்கத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். பார்க்க எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும் என்பதுதான் இதில் ஆபத்து.

சிம்பாலிக் லிங்க் என்பது ஃபைல் இருக்கும் பாதையைக் காட்டும் குறிப்பு மட்டுமே. அதில் சிக்கல் வேறு. கிளவுட் கிளையன்ட், அதாவது ஃபைல்களை கிளவுடோடு ஒத்திசைக்கும் புரோகிராம், தன் ஃபோல்டருக்குள் நடப்பதைத்தான் கவனிக்கிறது. வெளியே சி-யில் மாறியது அதற்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. டிராப்பாக்ஸ், ஃபோல்டருக்கு வெளியே போகும் லிங்குகளைப் பின்தொடர்வதை 2019-லேயே நிறுத்திவிட்டது.

புரோகிராம் எந்த டிரைவில் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. கேடிபிஎக்ஸ் ஃபைல், அதாவது உங்கள் பாஸ்வேர்ட் ஃபைல் (கீபாஸ்எக்ஸ்சி இதை டேட்டாபேஸ் என்கிறது), ஒன்றுதான் இருக்க வேண்டும், அது டி-யில் உள்ள கிளவுட் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். மாற்றும் முறை: கீபாஸ்எக்ஸ்சியை முழுவதும் மூடுங்கள், சிஸ்டம் டிரேயில் உள்ளதையும் சேர்த்து. டி-யில் உள்ள லிங்கை நீக்குங்கள். சி-யில் உள்ள ஃபைலை கட் செய்யாமல் காப்பி செய்து டி-யில் வையுங்கள். 'ஓப்பன் டேட்டாபேஸ்' வழியாக டி-யில் உள்ளதைத் திறந்து, சோதனைக்கு ஒரு என்ட்ரி சேர்த்து சேவ் செய்யுங்கள். கிளவுட் ஐகான் பச்சை டிக் காட்டியபின் போனில் திறந்து அந்த என்ட்ரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் சி-யில் உள்ள பழைய ஃபைலின் பெயரை மாற்றிவிடுங்கள்.

கடைசிப் படியைத் தவறவிடாதீர்கள். சமீபத்தில் திறந்தவை பட்டியலில் பழைய பாதை அப்படியே இருக்கும். என்றாவது அதைக் கிளிக் செய்தால் பழைய ஃபைல் திறக்கும், புது பாஸ்வேர்டுகள் அதில் சேரும், போனுக்கு எதுவும் போகாது. பெயர் மாறியிருந்தால் உடனே பிழைச் செய்தி வந்துவிடும்.

மாஸ்டர் பாஸ்வேர்டோடு கூடுதல் சாவியாக ஒரு கீ ஃபைல் பயன்படுத்துபவராக இருந்தால், டேட்டாபேஸின் பாதை மாறியதால் அதை ஒருமுறை மீண்டும் காட்ட வேண்டியிருக்கும். கீ ஃபைல் சி-யிலேயே இருக்கட்டும், கிளவுடுக்குள் போகக் கூடாது. பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இணைப்பு டேட்டாபேஸுக்குள்ளேயே சேமிக்கப்படுவதால் அதை மறுபடி செய்ய வேண்டியதில்லை.

அலைவரிசை:

சேவ் ஆகும்போது கெடுமா என்ற கேள்விக்கு: இயல்பான அமைப்பில் விட்டால் பயப்பட வேண்டியதில்லை. தற்காலிக ஃபைல் டேட்டாபேஸ் இருக்கும் அதே ஃபோல்டரில் எழுதப்படுகிறது. முழுவதும் எழுதி முடிந்த பிறகே பெயர் மாறுகிறது. ஒரே டிரைவுக்குள் பெயர் மாற்றுவது ஒரே நொடியில் முடிகிற காரியம். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய ஃபைல், புது ஃபைல் இரண்டில் ஒன்று முழுதாக மிஞ்சும்.

செட்டிங்ஸில் மாற்று சேவ் முறை என்று ஒரு தேர்வு இருக்கிறது. 'சேவ் ஆகவில்லை' என்று யார் கேட்டாலும் அதை டிக் செய்யச் சொல்வது வழக்கமாகிவிட்டது. உங்களைப் போல இரண்டு டிரைவ் வைத்திருப்பவர்கள் அதற்கு முன் யோசிக்க வேண்டும். அந்த முறையில் தற்காலிக ஃபைல் விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில், அதாவது சி-யில் உருவாகிறது. சி-யிலிருந்து டி-க்கு வெறும் பெயர் மாற்றம் கிடையாது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை பைட் பைட்டாக காப்பி செய்கிறது. அந்த இடைவெளியில் கிளவுட் கிளையன்ட் எட்டிப் பார்த்தால் 'ஃபைல் அழிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் நேரடியாக எழுதும் தேர்வும் உண்டு; பக்கத்திலேயே ஆபத்து என்று போட்டிருக்கிறார்கள், அது உண்மைதான்.

சேவ் முன்பு பேக்கப் எடுக்கும் தேர்வை இயக்குங்கள். ஆனால் இயல்பாக அந்தப் பேக்கப் டேட்டாபேஸின் பக்கத்திலேயே விழும், அதாவது அதுவும் கிளவுட் ஃபோல்டருக்குள். பாதையை சி-யில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றினால், டி டிரைவே பழுதானாலும் கையில் ஒன்று இருக்கும். வெளியே மாறினால் தானாக ரீலோடு செய்யும் தேர்வும் இயங்கட்டும். போனில் சேர்த்தது கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் டேட்டாபேஸுக்கு வருவது அதனால்தான்.

வடதிசை:

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லாகின் ஆகும் நேரத்தில் டி டிரைவ் தயாராக இருக்கிறதா? பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் என்கிரிப்ஷன்) போட்ட டி டிரைவில், தானாகத் திறக்கும் ஆட்டோ-அன்லாக்கை இயக்காவிட்டால், கிளவுட் கிளையன்ட் முதலில் எழுந்து ஃபோல்டரைக் காணாமல் நிற்கும். சில கிளையன்ட்கள் புது ஃபோல்டர் உருவாக்கட்டுமா என்று கேட்கும். ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளையன்ட்டை மூடி, டிரைவைத் திறந்து, பிறகு கிளையன்ட்டை இயக்குங்கள். ஆட்டோ-அன்லாக் வேண்டுமென்றால் சி டிரைவிலும் பிட்லாக்கர் இருக்க வேண்டும்.

டி என்பது யுஎஸ்பி டிரைவ் என்றால் எழுத்து மாறலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ் போன்ற கடைசி எழுத்தைக் கொடுத்துவிட்டால், வேறு பென் டிரைவ் செருகும்போது அது பறிபோகாது. ஒன்டிரைவ் கழற்றக்கூடிய டிரைவுகளை ஏற்பதில்லை, என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டும் வேண்டும்.

ஃபோல்டரின் இடத்தை எக்ஸ்ப்ளோரரில் இழுத்து மாற்றாதீர்கள். டிராப்பாக்ஸில் அதன் செட்டிங்ஸுக்குள்ளேயே இடம் மாற்றும் வழி உண்டு. ஒன்டிரைவில் இந்தக் கம்ப்யூட்டரை அன்லிங்க் செய்து, ஃபோல்டரை நகர்த்தி, மறுபடி சைன்-இன் செய்யும்போது புது இடத்தைக் காட்ட வேண்டும்.

பாஸ்வேர்ட் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, இந்தச் சாதனத்திலேயே எப்போதும் வைத்திருக்கும் தேர்வைப் போடுங்கள். இல்லையென்றால் அது ஆன்லைனில் மட்டும் இருக்கும் ஃபைலாக மாறலாம். இணையம் இல்லாத நேரத்தில், வைஃபை பாஸ்வேர்டே அந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வீர்கள்? கூகுள் டிரைவ் வைத்திருப்பவர்கள் ஃபைல்களை கிளவுடிலேயே வைக்கும் ஸ்ட்ரீம் முறைக்குப் பதில், கம்ப்யூட்டரிலும் முழுப் பிரதி வைக்கும் மிரர் முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நெய்தல்:

எல்லோருக்கும் நன்றி. டி-க்கு மாற்றியாயிற்று, சோதனை என்ட்ரி போனில் தெரிகிறது. பழைய குழப்பத்தில் உருவான ஒரு கான்ஃப்ளிக்ட் காப்பி மட்டும் கிளவுடில் கிடக்கிறது. இரண்டிலும் வேறு வேறு என்ட்ரிகள் இருக்கின்றன.

பூட்டுச்சாவி:

கையால் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டாம். முதலில் இரண்டு ஃபைலையும் சி-யில் ஒரு தனி ஃபோல்டரில் காப்பி எடுங்கள். முதன்மை ஃபைலைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் 'மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்' கொடுத்து, கான்ஃப்ளிக்ட் காப்பியைத் தேர்ந்தெடுங்கள். அதன் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்கும். நடுவில் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் அந்தக் காப்பிக்கு உரிய பழையதைத்தான் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு என்ட்ரிக்கும் உள்ளே ஒரு யூயூஐடி, அதாவது வேறெதற்கும் இல்லாத தனி அடையாள எண், உண்டு. மெர்ஜ் அதை வைத்துத்தான் ஜோடி சேர்க்கிறது, தலைப்பை வைத்து அல்ல. ஒரே என்ட்ரி இரண்டிலும் மாறியிருந்தால் கடைசியாக மாறியது முன்னால் வரும், மற்றது அந்த என்ட்ரியின் ஹிஸ்டரிக்குள் போகும். எனவே போன், லேப்டாப் இரண்டின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். கடிகாரம் முந்தி ஓடும் சாதனத்தில் மாற்றிய பழைய பாஸ்வேர்ட் புதியதை வென்றுவிடும். மெர்ஜ் முடிந்ததும் சமீபத்தில் மாற்றிய சில கணக்குகளைத் திறந்து, தவறானது முன்னால் இருந்தால் ஹிஸ்டரி பக்கத்திலிருந்து சரியானதை மீட்டெடுங்கள். ஹிஸ்டரியில் இயல்பாக ஒரு என்ட்ரிக்கு 10 பழைய பதிவுகள் வரைதான் நிற்கும்.

ஒரே கணக்குக்கு இரண்டு சாதனத்திலும் தனித்தனியாகப் புது என்ட்ரி உருவாக்கியிருந்தால் யூயூஐடி வேறாக இருக்கும், இரண்டுமே பட்டியலில் வரும். அவற்றில் எது வேலை செய்கிறது என்று அந்தத் தளத்தில் லாகின் செய்து பார்த்துத்தான் நீக்க வேண்டும். பிறகு சேவ் செய்து, போனில் சரிபார்த்து, கான்ஃப்ளிக்ட் காப்பியை கிளவுடிலிருந்து அழித்துவிடுங்கள். சி-யில் எடுத்த காப்பிகள் இன்னும் சில வாரம் இருக்கட்டும்.

அலைவரிசை:

இனிமேல் காப்பி உருவாகாமலிருக்க: போனில் சேவ் செய்தபின் அப்லோடு முடியும்வரை கம்ப்யூட்டரில் எதையும் மாற்றாதீர்கள். லேப்டாப்பை மூடும் முன்பும் கிளவுட் ஐகானைப் பாருங்கள். சேவ் செய்த கையோடு மூடியை மடக்கினால் அப்லோடு பாதியில் நிற்கும். அந்த நேரத்தில் போனில் ஒரு மாற்றம் செய்தால் மறுபடி இரண்டு ஃபைல்தான்.